என்ற சுகரும் துளசிமணி வெரலும்

தாராளமா உக்காருங்க. இருங்க, பையை அக்கட்டால எடுத்து வெச்சுக்கறேன். உங்களுக்கு டோக்கன் எத்தன? அறுவத்தி மூணுங்களா? எனக்கு அம்பத்தெட்டு. உங்களுக்குக் கண்ணுல மருந்து ஊத்திட்டாங்களா? எனக்கு ஊத்தி, உள்ள கூப்புட்டு டாக்டர் பார்த்தும் ஆச்சு. இப்ப ரத்தம் பாக்கோணும்னு மறுக்கா இங்க உக்கார வெச்சிருக்கறாங்க. உங்க மூஞ்சி எனக்கு மங்கலாத்தான் தெரியுது, தப்பா நெனைச்சுக்காதீங்க.

அந்தா, தண்ணி கேன் பக்கத்துல பச்சச் சீலை கட்டிட்டு நிக்கறாளே, அவதான் என்ற ஊட்டுக்காரி துளசிமணி. பாக்கறதுக்கு நாப்பத்தஞ்சு மாதிரி இருக்கறா, இல்லீங்க? அம்பத்தி ரெண்டு ஆச்சு. போன வருசம் பார்த்திருந்தீங்கன்னா அறுவதுன்னு சொல்லியிருப்பீங்க. மூட்டு வலி, மூச்சு வாங்கறது, நாலு படி ஏறுனா சித்த உக்காரோணும். அவளை இப்பிடித் தேத்திக் கொண்டாந்தது யாருங்கறீங்க? நான்தானுங்க. பெருமைக்குச் சொல்லலை. கூப்புட இன்னும் நேரமாகும், கேளுங்க.

என்ற பேரு சென்னியப்பன். ஒரு பனியன் கம்பெனியில பஸ் ஓட்டறனுங்க. குன்னத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பொம்பளப் புள்ளைங்களைக் காலையில ஷிப்டுக்கு ஏத்திட்டுப் போறது, சாயங்காலம் கொண்டாந்து உடறது. இருபத்தெட்டு வருச சர்வீசு. ஒரு கோழி என்ற டயர்ல உழுந்ததில்லை. நான் ஸ்டேரிங்ல உக்காந்தா புள்ளைங்க நிம்மதியாத் தூங்கும், அப்பிடி ஓட்டுவேன்.

போன பங்குனியில எங்க கம்பெனிக்கு ஒரு யோசனை வந்துச்சு. சீக்கு வந்ததுக்குப் பொறவு ஆஸ்பத்திரிக்கு ஓடறதை உட்டுட்டு, வாரதுக்கு முன்னாலயே அதைப் புடிச்சிரணுமாம். அம்பது தாண்டுன டிரைவருங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டப்பா குடுத்தாங்க. டப்பாவுக்குள்ள வெரல்ல குத்திச் சர்க்கரை பாக்கற மிசினு ஒண்ணு, கையில கட்டற பட்டை ஒண்ணு. செவ்வாயும் வெள்ளியும் வெறும் வயித்துல குத்தோணும். நம்பரு தானா போனுக்குப் போயி, அங்கிருந்து எங்கயோ உக்காந்திருக்கற டாக்டருக்குப் போயிரும். பட்டை இருக்குது பாருங்க, அது அதைய விட மோசம். எத்தன அடி நடந்தோம், எப்பத் தூங்குனோம், நாடி எப்பிடி அடிக்குது, எல்லாத்தையும் போட்டுக் குடுத்துரும். அதையெல்லாம் பார்த்து உங்களுக்குன்னே தனியா ஒரு திட்டம் போடுவாங்களாம். ஊருக்கெல்லாம் ஒரே பத்தியம்ங்கறது அந்தக் காலமாம்.

நல்ல விசயந்தானேம்பீங்க. நானும் அப்பிடித்தான் தலையை ஆட்டிட்டிருந்தேன். கடைசியில ஒண்ணைச் சொன்னாரு பாருங்க மேனேஜரு. ஆறு மாசத்துல சர்க்கரை கட்டுக்குள்ள வராத டிரைவரை ஸ்டேரிங்ல இருந்து எறக்கிக் கேட்டுல உக்கார வெச்சிருவாங்களாம். கேட்டுலீங்க! வண்டி வந்தாத் தொறந்து உடறது, போனாச் சாத்தறது. நான் எம்புட்டுக் கேட்டுக்கு ஆரன் அடிச்சவன், நான் போயி அங்க உக்காரறதா?

எனக்குச் சர்க்கரை இருக்குதா இல்லையான்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். வண்டியை எடுத்தா திருப்பூர் போறதுக்குள்ள ரெண்டு தடவ ஓரங்கட்டி எறங்கோணும். அது தண்ணி எச்சாக் குடிக்கறதுனால. தண்ணி ஏன் எச்சாக் குடிக்கறேன்னா தாகம் எடுக்குது. தாகம் எடுத்தா குடிக்கத்தானே வேணும்? பார்த்தாத்தானுங்க சீக்கு. பாக்காத வரைக்கும் நாம நல்ல மனுசந்தானே?

மொதோ செவ்வாக்கெழமை மிசினை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஊசியைப் பார்த்தேன். என்ற வெரலைப் பார்த்தேன். அடுப்படியில துளசி தோசை ஊத்திட்டிருந்தா. இவ பேக்கரிப் பக்கம் போறவ இல்லை, பரோட்டா திங்கறவ இல்லை, ஊட்டுச் சோறுதான். இவ ரத்தம் சுத்தமா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. "புள்ள, அந்தக் கையைக் கொஞ்சம் குடு"ன்னேன். "எதுக்குங்க?"ன்னா. குடுக்கறதுக்குள்ள குத்திட்டேன்.

நூத்தி இருவத்தி நாலு காட்டுச்சுங்க! வெறும் வயித்துல நூறைத் தாண்டக் கூடாதாம்.

எனக்கு வந்த கோவத்தைப் பாக்கோணும். "ஏன் புள்ள, உன்னைய நம்பிக் கையைப் புடிச்சா இப்பிடியா பண்ணுவே? என்ற வேலையில மண்ணைப் போடறயா?"ன்னு கத்திட்டேன். அதுக்குள்ள நம்பரு பறந்து போயிருச்சு. மறுபடி என்ற வெரலைக் குத்தலாம்னா, இவளுக்கே இவ்வளவுன்னா எனக்கு என்ன காட்டுமோன்னு ஒரு வெசனம். உட்டுட்டேன். துளசி வெரலை வாயில வெச்சு சப்பிட்டே கேட்டா, "இனி எப்பவும் என்ற வெரல்தானுங்களா?"ன்னு. "ஆறே மாசம் புள்ள, இல்லைன்னா என்னைக் கேட்டுல உக்கார வெச்சிருவானுங்க, அந்த வெறுப்புல லீவு போட்டுட்டு ஊட்டுலயே உக்காந்துக்குவேன்"ன்னேன். "நீங்க நாள் பூரா ஊட்டுல இருக்கறதுக்கு இந்த ஊசியே தேவலை"ன்னுட்டுப் போயிட்டா. என்ற மேல அம்புட்டுப் பிரியமுங்க அவளுக்கு.

அன்னிக்கு மத்தியானமே போன் வந்துச்சு. நந்திதான்னு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுதான் என்னைய மட்டும் கவனிச்சுக்குமாம். "சார், நீங்க பார்டர்ல இருக்கீங்க. பயப்படாதீங்க, மாத்திரையே வேண்டாம். சாப்பாட்டுலயும் நடையிலயுமே கொறைச்சிரலாம். உங்களுக்குன்னே தனியா போட்ட திட்டம் அனுப்பறேன்"னுச்சு. வந்துச்சுங்க ஒரு பட்டியல். காலையில ராகிக் களி, மத்தியானம் சோறு ஒரு கரண்டி, கொள்ளு ரசம், முருங்கைக் கீரை, பச்சப்பயிறு, பொழுது சாயறதுக்குள்ள ராச்சாப்பாடு. இனிப்பு வாசமே கூடாது. தெனமும் முக்கா மணி நேரம் நடை.

இதைய யாரு செய்யறது? நம்பரு குடுக்கறது துளசி வெரலு. அப்ப நம்பரு கொறையோணும்னா துளசிதானே செய்யோணும்? பட்டையை எடுத்து அவ கையில கட்டி உட்டுட்டேன். என்ற சுகரு அன்னையில இருந்து ஊட்டுல துளசிகிட்டப் பத்திரமா இருந்துச்சு. நான் பேக்கரியில டீயும் தேங்கா பன்னும் சாப்புட்டு நிம்மதியா வண்டி ஓட்டுனேன்.

நான் அவளைப் பாத்துக்கிட்ட மாதிரி இந்தச் சில்லாவுல எவனும் பொண்டாட்டியைப் பாத்திருக்க மாட்டானுங்க. அவ காப்பியில சக்கரை போட உடமாட்டேன். சாயங்காலம் வந்ததும் மொதோ கேள்வியே, "இன்னிக்கு எத்தன அடி?"தான். ஆறாயிரம்னா, "இன்னும் ரெண்டாயிரம் பாக்கி, போயி நடந்துட்டு வா, நான் சோத்தைப் போட்டுக்கறேன்"பேன். ஒரு நா மூட்டு வலிக்குதுன்னு உக்காந்துட்டா. "உன்ற மூட்டைப் பார்த்தா என்ற ஸ்டேரிங் என்னாகறது?"ன்னு கேட்டு எழுப்பி உட்டேன். இருவத்தஞ்சு வருசத்துல நான் அவ காலைப் பத்தி விசாரிச்சதே அந்த வருசந்தானுங்க.

என்ற சகலை பொண்ணு கல்யாணத்துல, எலையில ஒப்புட்டு வெச்சாங்க, அதானுங்க வெல்லப் போளி. துளசி பிட்டு வாய்க்குக் கொண்டு போறா. நான் எட்டிக் கையைப் புடிச்சுட்டேன். "துளசி, வேண்டாம். வெள்ளிக்கெழமை குத்தோணும்"னேன். எடுத்து என்ற எலையில போட்டுக்கிட்டேன். சுத்தியிருந்த ஒறம்பரையெல்லாம் என்னையே பாக்கறாங்க. "பொண்டாட்டி ஒடம்பு மேல இம்புட்டு அக்கறையா"ன்னு துளசியோட சின்னாயா கண்ணைத் தொடைக்குது. அவ ஒப்புட்டோட சேத்து எனக்கு அன்னிக்கு நாலு ஒப்புட்டு.

அந்த நந்திதாப் பொண்ணைச் சமாளிக்கறதுதான் பெரும்பாடு. சும்மா இருக்காது, எல்லாத்தையும் நோண்டும். ஒரு நா, "சார், காலையில அஞ்சரைக்கு நீங்க வண்டி எடுத்ததா டூட்டி சீட்டுல இருக்கு. ஆனா பட்டை நீங்க ஆறு மணி வரைக்கும் நல்லாத் தூங்குனதாச் சொல்லுதே"ன்னுச்சு. "அம்மணி, இருபத்தெட்டு வருச சர்வீசு. அந்த ரோட்டுல நான் தூங்கிட்டே ஓட்டுவேன்"னுட்டேன். பொறவு ஒரு வாரம் மேனேஜரு வண்டிக்குள்ள ஏறி என்ற பக்கத்துலயே உக்காந்துட்டு வந்தாரு.

இன்னொரு தடவை, "சார், ஞாயித்துக்கெழமை பூரா உங்க நாடி ரொம்ப ஏறியிருக்கு, மனசுக்கு ஏதாச்சும் கஷ்டமா?"ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு எங்க அக்கா ஊட்டுக்கு வந்திருந்துச்சுங்க. அது ஒரு பாவம், வந்தா அடுப்படியிலயே நின்னுட்டு இவளுக்கு நல்லது பொல்லது சொல்லிக் குடுத்துட்டிருக்கும். அக்கா வந்ததுக்கு இவளுக்கு ஏன் நாடி ஏறோணும்? மிசினு கோளாறுங்க. "டிராபிக் ஜாம் அம்மணி"ன்னு சொல்லி வெச்சேன். "ஞாயித்துக்கெழமை உங்களுக்கு லீவு இல்லீங்களா சார்?"ங்குது. போனை வெச்சுட்டேன்.

ஆனா பாருங்க, நம்பரு எறங்குச்சு. நூத்திப் பதினெட்டு, நூத்திப் பத்து, தொண்ணூத்தி எட்டு. ஐப்பசியில தொண்ணூத்தி நாலு. ஆறு மாசம் முடிஞ்சும் உடலை, தொடர்ந்து குத்தச் சொல்லிட்டாங்க. துளசி மூச்சு வாங்காம ஊடு கூட்டறா. ஜாக்கெட்டையெல்லாம் புடிச்சுத் தெச்சுட்டா. கொளத்துக் கரையில நடக்கறதுக்கு ஆறேழு பொம்பளைங்க செட்டுச் சேந்துக்கிட்டாங்க. சாயங்காலம் எனக்கு டீ வெக்கக்கூட ஆளில்லை. அதைய நான் பெருசா எடுத்துக்கலை. தொண்ணூத்தி நாலுன்னா சும்மாவா?

தையில ஆண்டு விழா வெச்சாங்க. டிரைவருங்கள்லயே கட்டுப்பாடா இருந்து சர்க்கரையை எறக்குனதுக்கு எனக்கு சால்வை. மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. என்ன பேசறது? துளசி என்னென்ன செய்வாளோ அதையெல்லாம் நான் செய்யறதா அப்பிடியே எடுத்து உட்டேன். "நாக்கைக் கட்டுனா எல்லாத்தையும் கட்டலாம்"னேன். கைதட்டு அடங்கவே இல்லை. அதைக் கேட்டு எங்க டிரைவரு பெரியநாயகம் நெசமாவே களி தின்னு, நடந்து, பன்னெண்டு கிலோ கொறைஞ்சுட்டான். இப்பவும் என்னைப் பார்த்தாக் கும்புடறான். அன்னிக்கு விழாவுல ஜாங்கிரி குடுத்தாங்க. துளசி பங்கையும் சேத்து நான்தான் தின்னேன்.

சரி, இங்க எதுக்கு வந்தேன்னு கேக்கறீங்களா? அதைத்தான் சொல்ல வாரேன்.

மாசிக் கடைசியில இருந்து கண்ணு முன்னால கொசுப் பறக்கற மாதிரி இருந்துச்சுங்க. ஓட்டிட்டே ஒரு கையில அடிப்பேன். பின்னால இருந்து புள்ளைங்க, "அண்ணா, எங்க கொசு? ஒண்ணையும் காணோமே"ங்கும். கண்ணாடி அழுக்குன்னு தொடைச்சேன். ஒரு நா சாயங்காலம், பொழுது எறங்கற நேரம். நாப்பத்தி ரெண்டு புள்ளைங்க உள்ள. சிரிப்பும் பாட்டுமா வந்துட்டிருக்கறோம். முன்னால ரயில் கேட்டு. எனக்கு ரோடு தெறந்து கெடக்கற மாதிரிதான் தெரியுது. சூப்பர்வைசர் பேபியக்கா எந்திரிச்சு நின்னு, "அண்ணா, கேட்டு! கேட்டு!"ன்னு கத்துச்சு பாருங்க. மிதிச்சேன். கம்பிக்கும் வண்டி மூக்குக்கும் ஒரு சாண் இருக்கும். ரயிலு தடதடன்னு போச்சு. வண்டிக்குள்ள ஒரே ஒரு புள்ள மட்டும் அழுதுட்டிருந்துச்சு.

எனக்குப் பயம்னா என்னன்னு அன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது. வண்டியை ஓரங்கட்டிட்டு எறங்கிட்டேன். வயித்து வலின்னு சொல்லி வேற டிரைவரை வரச் சொல்லி அனுப்பிட்டேன். அப்பத்துல இருந்து லீவுதான். கம்பெனியில ஊட்டுல விசேசம்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

இங்க டாக்டரு உள்ள லைட் அடிச்சுப் பார்த்தாரு. "கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. சர்க்கரை எவ்வளவு நாளா இருக்கு?"ன்னு கேட்டாரு. நான் கம்பெனியில போட்டுக் குடுத்த பைலை எடுத்து நீட்டுனேன். ஒரு வருச நம்பரும் வரிசையா இருக்குது, மேல சால்வை போட்ட போட்டோ வேற. அவரு பைலைப் பார்க்கறாரு, என்னைப் பார்க்கறாரு. "இந்த பைலும் இந்தக் கண்ணும் ஒரே ஆளோடது மாதிரி இல்லையே"ங்கறாரு. "வெளிய போயி இப்பவே ஒருக்கா ரத்தம் பாருங்க. சர்க்கரை எச்சா இருந்தா இன்னிக்கே வைத்தியத்தை ஆரம்பிச்சுக் கண்ணைக் காப்பாத்திக்கலாம். பைல்ல இருக்கறது மாதிரியே இருந்துச்சுன்னா வேற காரணம் தேடோணும், தலைக்கு ஸ்கேன் எடுக்கோணும், நாளாகும். அதுக்குள்ள கண்ணு இன்னும் கெட்டுப் போச்சுன்னா நான் பொறுப்பில்லை"ன்னுட்டாரு.

இப்ப நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல? நான் துளசியைத்தான் சொல்லுவேன். தொண்ணூத்தி நாலு வரைக்கும் எதுக்கு எறக்கோணும்? கொஞ்சம் எச்சா இருந்திருந்தா டாக்டருக்கு இம்புட்டுச் சந்தேகம் வந்திருக்குமா? எதுலயும் ஒரு அளவு வேணுமில்லீங்க.

என்ற யோசனை என்னன்னா, அந்தா வரிசையா ஒவ்வொருத்தரா வெரல்ல குத்திட்டு வருதே அந்த நர்சம்மா, அது மூஞ்சியைப் பாக்கறதில்லை. டோக்கனைப் பார்க்குது, வெரலைக் குத்துது, போயிட்டே இருக்குது. துளசி கையை நீட்டிட்டான்னா பைலும் ரத்தமும் ஒத்துப் போயிரும். கம்பெனிக்கும் ஒண்ணும் தெரியாது, ஸ்டேரிங் என்ற கையிலயே இருக்கும். கண்ணை வேற எங்கயாச்சும் போயி மெதுவாப் பாத்துக்கலாம். என்னங்க, தலையை ஆட்டறீங்களா? எனக்குச் செரியாத் தெரியலை.

இதா வந்துருச்சு. துளசி, வா வா, இங்க உக்காரு. அம்பத்தெட்டு இங்கதானுங்க அம்மணி. துளசி, இந்தா டோக்கனைப் புடி, கையை நீட்டு. நீட்டு புள்ள. என்னத்துக்கு முந்தானைக்குள்ள சுருட்டி வெச்சுக்கறே? ஒரு நிமிசங்க அம்மணி, இவளுக்கு ஊசின்னாக் கொஞ்சம் கூச்சம்.

என்ன? மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க. கண்ணு என்றதுன்னா வெரலும் என்றதாத்தான் இருக்கோணுமா? இதைய இங்க வந்தா சொல்லுவே? ஊட்டுலயே சொல்லியிருந்தா வேற ஏற்பாடு... சொன்னியா? எப்பச் சொன்னே? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை சொன்னியா?

அழுகாதே. அட, அழுகாதே புள்ள. பேபியக்கா உன்றகிட்டச் சொல்லிருச்சா அந்த ரயில் கேட்டு விசயத்தை? எனக்கு ஒண்ணும் ஆகலையில்ல. அந்தப் புள்ளைங்களுக்கும் ஒண்ணும்... ஆமா. ஒரு சாணுதான். ஆமா, எனக்கும் தெரியும்.

சரி, உடு. கையை எடுத்துக்கோ. யாரும் கேக்கலை உன்ற கையை.

இந்தாங்க அம்மணி, என்ற கை. எந்த வெரலா? எதைய வேணும்னாலும் குத்துங்க... அய்யய்யோ! இது என்ன இப்பிடிச் சுருக்குங்குது? இப்பிடியா வலிக்கும் இது? துளசி, வாரத்துக்கு ரெண்டு தடவ, வருசம் பூரா... ஒரு நாளாச்சும் வாயைத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமில்ல புள்ள. எங்க, அந்தக் கையை இப்பிடிக் காட்டு. குத்த இல்லை, சும்மா காட்டு.

என்னங்க அம்மணி? போன தடவ எனக்கு எத்தன இருந்துச்சா? அந்த பைலைப் பாக்காதீங்க, அது இவளுது. டாக்டர்கிட்டயும் அப்பிடியே சொல்லிருங்க. எனக்கு இதுதானுங்க மொதோ தடவை.